புருவம் எங்கே முடிகிறது?

2017-ஆம் ஆண்டு தை மாதக் கடைசியில், ராசிங்காபுரத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே இரண்டு புதிய பறவைகளைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிடப் பார்த்துவிட்டிருந்தேன் என்று சொன்னால் சரியாக இருக்கும். கையில் பைனாகுலர் இல்லை. எதிரே ஒரு மரம்கூட இல்லை. எதிர்வீட்டுப் பெரியம்மா சாக்கில் காயப்போட்டிருந்த புளிதான் கிடந்தது. போனில் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படித்து முடித்தேன். உள்ளே போய்ப் பழைய நோட்டைத் தூசி தட்டி எடுத்தேன். 3 என்றிருந்த எண்ணை அடித்துவிட்டு 5 என்று எழுதினேன். அவ்வளவுதான்.

பறவை பார்ப்பவர்கள் இதை நாற்காலிக் கணக்கு என்று கேலி செய்வார்கள். காட்டுக்குப் போகாமல், அட்டை கடிக்காமல், பட்டியலில் எண் மட்டும் ஏறுவது. அது எப்படி ஏறுகிறது என்று யோசித்துக்கொண்டே போனால், ஒரு விலங்குக் கூட்டத்தின் எல்லா இனங்களையும் பார்த்து முடித்துவிட வேண்டும் என்ற ஆசை எங்கே போய் முட்டுகிறது என்பது தெரிந்துவிடும்.

அந்த ஆசை எனக்குச் சின்ன அளவில்தான் வந்தது. உலகத்தில் உள்ள பறவைகளையெல்லாம் பார்க்க என்னிடம் பணமும் இல்லை, விடுப்பும் இல்லை. வீட்டு மாடியில் நின்றால் மேற்கே சுவர் எழுப்பியதுபோல் மலை. அந்த மலைக்கென்றே உள்ள பறவைகளில் ஒரு குட்டிக் கூட்டத்தை எடுத்துக்கொண்டு, அதை மட்டுமாவது முழுசாகப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். நாலைந்து இனம்தானே, இரண்டு வருஷத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

எங்கள் ஊரிலிருந்து மலைக்குப் போவது பெரிய காரியமில்லை. விடியுமுன் ராசிங்காபுரம், சிலமலை, தேவாரம், போடி எங்கும் ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்டத்துக்குக் களை எடுக்கவும் காய் எடுக்கவும் போகிறவர்கள், பெரும்பாலும் பெண்கள், தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். முந்தலைத் தாண்டினால் மலைப்பாதை. போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு. போடி இருப்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டரில். மெட்டு 1,300-க்கு மேல். ஒரு மணி நேரத்துக்குள் ஆயிரம் மீட்டர் ஏறிவிடுகிறோம்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்னென்ன மாறுகிறது என்பதைச் சின்னான்களை வைத்தே சொல்லிவிடலாம். ஊருக்குள் முருங்கை மரத்தில் உட்கார்ந்து கத்துவது கொண்டைக்குருவி, வால் தொடங்குமிடத்தில் சிவப்பு உள்ளது. ஊரை விட்டு முள்ளுக்காட்டுக்குள் நுழைந்தால் வெண்புருவச் சின்னான். சத்தம் மட்டும் பெரிது, ஆள் வெளியே வராது. பாறைக்கரட்டில் அதிர்ஷ்டம் இருந்தால் மஞ்சள்தொண்டைச் சின்னான். தென்னிந்தியாவின் வறண்ட பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதது அது. பாதி மலை ஏறியதும் கன்னத்தில் சிவப்புப் பொட்டு வைத்த செம்மீசைச் சின்னான். மேலே மரங்களில் பாசி படரத் தொடங்கும் இடத்தில் கருஞ்சின்னான், பூனைக்குட்டிபோல் கத்திக்கொண்டு. ஐந்தும் ஒரே வம்சம். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு படி வைத்திருக்கிறது. மாடிப்படியில் குடித்தனம் நடத்துகிற மாதிரி.

எனக்கு முதலில் வேண்டியது எல்லாவற்றுக்கும் மேல்படியில் இருக்கும் ஆள். சிரிப்பான்.

மைனாவைவிடச் சற்றுச் சிறிய பறவை. முதுகு மங்கிய பழுப்பு, மார்பு சாம்பல், வயிறு செம்பு நிறம். கண்ணுக்கு மேல் சுண்ணாம்பைத் தொட்டு இழுத்தாற்போல் ஒரு வெள்ளைப் புருவம். அதன் கீழே கண்ணின் வழியாகக் கறுப்புக் கோடு. தனியாகப் பார்ப்பது அரிது. ஆறேழு சேர்ந்து புதருக்குள் பழம் தின்றுகொண்டிருக்கும். ஒன்று குரல் கொடுத்ததும் அத்தனையும் சேர்ந்து எழுப்பும் சத்தத்தைச் சிரிப்பு என்று சொல்வதா, பரிகாசம் என்று சொல்வதா என்று எனக்கு இன்னும் குழப்பம்தான். முதல்முறை நான் அதைத் தேடிப் போனபோது ஜீப்பில் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் விவரம் சொல்லிக் கேட்டேன்.

“அந்தக் கெக்கலிக்கிற குருவியா தம்பி? காய் எடுக்கையில தெனமும் கேக்குறதுதான. ஒண்ணு ஆரம்பிச்சா அத்தனையும் சேந்துக்கிரும். எங்க கூட்டம் மாதிரி.”

அப்படிச் சொல்லிவிட்டு ஜீப்பே சிரித்தது. அன்று காலை எட்டு மணிக்குள் பறவையைப் பார்த்துவிட்டேன். நோட்டில் இனத்தின் பெயர், ஊர், தேதி. மூன்றே சொற்களில் வேலை முடிந்தது. பிறகு ஊட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது தோட்டத்தில் இன்னொன்று: நெஞ்சும் வயிறும் செங்கல் நிறம், மோவாய் கறுப்பு. அது நீலகிரிச் சிரிப்பான். அதற்கடுத்து மாஞ்சோலைக்கு மேலே ஊத்து எஸ்டேட்டில் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியபோது, போடிமெட்டில் பார்த்த அதே பறவையை மறுபடி பார்த்தேன். அதே பறவை என்றுதான் நினைத்தேன். பார்த்ததைத் திரும்பப் பார்த்தால் எழுதுவானேன் என்று, தேதியையும் ஊரையும் மட்டும் கிறுக்கி வைத்தேன். அந்தக் கிறுக்கல்தான் பின்னால் கை கொடுத்தது.

இந்தப் பறவைகளுக்குப் பெயர் வைத்த கதை ஒரு பாகப்பிரிவினை வழக்கை விடச் சிக்கலானது. சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன் 1839-ல் நீலகிரிப் பறவையை விவரித்தார். அதற்கு அவர் வைத்த லத்தீன் பெயரான ‘காச்சினன்ஸ்’ என்பதற்கே சிரிக்கிறது என்றுதான் பொருள். 1851-ல் வயநாட்டுப் பக்கத்து மலைப் பறவைக்கு எட்வர்ட் பிளைத் ஜெர்டனின் பெயரையே சூட்டினார். 1869-ல் பழனிமலைப் பறவை வந்தது. அதைச் சேகரித்தவர் சாமுவேல் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்க மிஷனரி; பெயர் வைத்தவர் வில்லியம் பிளான்ஃபோர்டு. எங்கள் மலையில் சிரிக்கும் பறவை இன்றும் அறிவியலில் ஃபேர்பேங்கின் பெயரோடுதான் திரிகிறது. 1880-ல் தெற்கே அகத்தியமலைப் பக்கத்துப் பறவைக்கும் பிளான்ஃபோர்டே பெயரிட்டார்.

ஆக நான்கு மலை, நான்கு பெயர். ஆனால் நான்கும் நான்கு இனமா? இங்கேதான் வழக்கு ஆரம்பிக்கிறது.

பறவையியலாளர் சாலிம் அலி காலத்துப் புத்தகங்களில் இரண்டு இனம்தான். மார்பு சாம்பலாக இருக்கிறதா, சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். வயநாட்டுப் பறவைக்குச் சாம்பல் மார்பு; ஆகவே அதைப் பழனிப் பறவையோடும் அகத்தியமலைப் பறவையோடும் சேர்த்து ஒரே இனம் என்றார்கள். நீலகிரி மட்டும் தனி. 2005-ல் பமீலா ராஸ்முசனும் ஜான் ஆண்டர்டனும் எழுதிய தெற்காசியப் பறவை நூல் வந்தது. அவர்கள் மோவாயைப் பார்த்தார்கள். வயநாட்டுக்கும் நீலகிரிக்கும் மோவாய் கறுப்பு. ஆகவே வயநாட்டுப் பறவை அந்த வீட்டிலிருந்து எழுந்து இந்த வீட்டுக்கு வந்தது. இனங்களின் எண்ணிக்கை அதே இரண்டுதான். ஒரு பறவை மட்டும் கட்சி மாறிவிட்டது. வயநாட்டில் புதருக்குள் பழம் தின்றுகொண்டிருந்த அந்தப் பறவைக்கு இது எதுவும் தெரியாது.

பிறகு வந்ததுதான் நான் திண்ணையில் படித்த கட்டுரை. வி. வி. ராபின், சி. கே. விஷ்ணுதாஸ், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி முதலியோர் சேர்ந்து எழுதியது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பல சோலைகளில் மெல்லிய வலை கட்டி, பறவையைப் பிடித்து, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு பறக்கவிட்டு, மரபணுக்களை ஒப்பிட்டார்கள். இறகு, அளவு, பாட்டு எல்லாவற்றையும் கூடவே வைத்துப் பார்த்தார்கள். மார்பைப் பார்த்துச் சேர்த்ததும் மோவாயைப் பார்த்துச் சேர்த்ததும் இரண்டுமே போதாது, நான்கும் நான்கு இனம் என்று முடிவு வந்தது. அதோடு, இமயமலைச் சிரிப்பான்களின் நெருங்கிய சொந்தம் என்று நூற்றாண்டுக்கு மேலாக நம்பப்பட்டதும் தவறு. இவை தனிப் பேரினம்; ‘மான்டெசிங்க்லா’ என்று புதுப்பெயர்.

அதே கட்டுரையில், சிரிப்பானோடு என் கணக்கில் இருந்த இன்னொரு பறவையின் வழக்கும் தீர்ந்தது. சோலைக்குள், ஓடையோரம், வெளிச்சம் குறைந்த தரையில் தத்தித் திரியும் கருநீலக் குருவி. அதுவும் ஒன்றாக இருந்து இரண்டாகி, இப்போது மூன்றானது. நீலகிரிக்கு ஒன்று, எங்கள் மலைக்கும் பழனி, ஆனைமலைக்கும் ஒன்று, தெற்கே அகத்தியமலைக்கு ஒன்று. தெற்கத்திய பறவை இந்தக் கட்டுரையில்தான் முதன்முதலாகப் பெயர் பெற்றது. பேரினத்துக்கு ‘ஷோலிகோலா’, அதாவது சோலையில் வசிப்பது என்று பெயர். உலக அறிவியல் பட்டியலில் ஒரு தமிழ்ச் சொல் ஏறிவிட்டது. பொதுப்பெயர் ‘சோலைக்கிளி’. மலையாளத்தில் சின்னப் பறவை எதுவும் கிளிதான். தமிழில் அப்படியே எடுத்துக்கொண்டு போனால் யாராவது சோலைக்குள் பச்சைக்கிளியைத் தேடிக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள். பறவையோ காலடியில் இருக்கும்.

ஆக என் கணக்கு: போடிமெட்டுப் பறவையும் ஊத்துப் பறவையும் ஒன்றில்லை என்று ஆனதால் ஒன்று கூடியது. சோலைக்கிளியையும் இரண்டு மலைகளிலும் பார்த்திருந்ததால் இன்னொன்று கூடியது. மூன்று ஐந்தாகிவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் முடிக்க வேண்டிய மொத்தக் கணக்கு நான்கிலிருந்து ஏழாகிவிட்டிருந்தது. அந்தக் காலையில் பாக்கி ஒன்றிலிருந்து இரண்டாக உயர்ந்தது. நடந்தும் பின்னுக்குப் போவது என்பது இதுதான்.

ஊத்துப் பறவையை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் மலைச் சிரிப்பானுக்கு வெள்ளைப் புருவம் கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடும். அகத்தியமலைச் சிரிப்பானுக்குப் புருவம் குட்டை, கண்ணோடு நின்றுவிடும். ஊத்தில் அதைக் கவனித்தேனா? இல்லை. அங்கே வேறு சிரிப்பான் கிடையாது என்பதால்தான் அது அகத்தியமலைச் சிரிப்பான். நான் கணக்கில் சேர்த்தது பறவையை என்று சொல்வதைவிட அந்த ஊரை என்று சொல்லலாம்.

இறக்கை உள்ள பறவை ஏன் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போய்ச் சொந்தம் கொண்டாடவில்லை? பார்த்தால் தொடர்ச்சி மலை. பெயரிலேயே தொடர்ச்சி இருக்கிறது. ஆனால் சோலைப் பறவைக்கு அது தொடர்ச்சி இல்லை. குளிரும் ஈரமும் நிழலும் உள்ள உச்சிகள் அதற்கு ஊர். இடையில் உள்ள வெயில் தாழ்வாரம் அதற்குக் கடல். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமாக வாய் பிளந்து கிடக்கிறது. லாரி போகும், ரயில் போகும், காற்றும் போகும். தரையோரப் புதரை விட்டு வெளியே வரக் கூசும் ஒரு பறவை போகாது. தெற்கே செங்கோட்டைக் கணவாய் அதைவிடக் குறுகலானது. இருந்தும் அதுவும் போதுமானதாக இருந்திருக்கிறது. வயநாட்டு மலையையும் நீலகிரியையும் சாலியாற்றுப் பள்ளத்தாக்கு பிரிக்கிறது. காலநிலை மாறிய போதெல்லாம் சோலைகள் விரிந்தும் சுருங்கியும் வந்தன. அப்படிச் சுருங்கிய உச்சிகளில் அகப்பட்டவை லட்சக்கணக்கான ஆண்டுகள் தனித்தனியாகவே குஞ்சு பொரித்துக்கொண்டு இருந்துவிட்டன. விஞ்ஞானிகள் இவற்றை வான்தீவுகள் என்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் மேகம் இறங்கி நிற்கும் மார்கழிக் காலையில் போடிமெட்டிலிருந்து பார்த்தால், அந்தப் பெயரை யாரும் விளக்கத் தேவையில்லை.

சரி, பிரிந்து இருந்தது உண்மை. எவ்வளவு பிரிந்தால் தனி இனம்?

எங்கள் பக்கம் இதற்கு ஒரு வழக்கு உண்டு. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இருந்தாலும் அடுப்பு வேறானால் குடும்பம் வேறு. தனி ரேஷன் கார்டு கேட்டு மனுப் போட்டால் ஆள் வந்து பார்ப்பார். சிலிண்டர் தனியா, சமையல் தனியா என்று விசாரிப்பார். ஒருவர் பார்த்து ‘தனிதான்’ என்று எழுதுவார். அடுத்து வருபவர் ‘ஒரே வாசல்தானே’ என்பார். இனம் என்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான். உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மைர் 1942-ல் வகுத்துச் சொன்ன புகழ்பெற்ற விதி, ஒன்றோடொன்று கூடி இனம் பெருக்குபவை ஓர் இனம் என்பது. ஒரே காட்டில் இருக்கும் பறவைகளுக்கு இதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். போடிமெட்டுப் பறவையும் ஊத்துப் பறவையும் சந்தித்தால்தானே கூடுமா கூடாதா என்று தெரியும்? அவை சந்திக்கப் போவதே இல்லை. ஆகவே விசாரணை அதிகாரிகள் மரபணுவில் எவ்வளவு தூரம், பாட்டில் எவ்வளவு வித்தியாசம், இறகில் என்ன என்று சாட்சியங்களைச் சேர்த்துத் தீர்ப்பு எழுதுகிறார்கள். அதிகாரி மாறினால் தீர்ப்பும் மாறும்.

உலகம் முழுவதற்குமான பறவைப் பட்டியலே ஒன்றுக்கு மேற்பட்டவை நீண்ட காலம் இருந்து வந்தன. ஒரு பட்டியலில் ஓர் இனமாக இருப்பது இன்னொன்றில் மூன்றாக இருக்கும். இவற்றை ஒன்றாக்க முயன்று 2025-ல் வெளியான ‘அவிலிஸ்ட்’ என்ற பொதுப்பட்டியலில் 11,131 இனங்கள். அதுவும் நிரந்தரமில்லை, அவ்வப்போது திருத்தப்படும். பறவை பார்ப்பவர்களின் கோடிக்கணக்கான பதிவுகள் உள்ள இ-பேர்டு தளத்தில் ஆண்டுக்கு ஒருமுறை பட்டியல் திருத்தம் நடக்கும். அந்த வாரம் பறவைக்காரர்கள் தேர்வு முடிவு பார்ப்பதுபோல் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். எண் ஏறுவது மட்டுமில்லை, இறங்குவதும் உண்டு. வடதுருவப் பக்கத்து ரெட்போல் என்ற குருவி மூன்று இனமாக இருந்தது. 2024-ல் மூன்றும் ஒன்று என்று சேர்த்துவிட்டார்கள். பனியில் விறைத்து நின்று மூன்றையும் பார்த்தவர்களுக்கு இரண்டு போயிற்று.

முழுசாகப் பார்த்துவிடத் துடித்தவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் பெண்மணி ஃபீபி ஸ்னெட்சிங்கருக்கு 1981-ல் தோல் புற்றுநோய். ஒரு வருஷம் தாங்கினால் அதிகம் என்றார்கள். சிகிச்சையை ஓரங்கட்டிவிட்டுப் பறவை பார்க்கக் கிளம்பினார். 18 ஆண்டுகள் உயிரோடிருந்தார். உலகில் முதன்முதலாக 8,000 இனங்களைத் தாண்டியவர் அவர். 1999 நவம்பரில் மடகாஸ்கரில் வேன் கவிழ்ந்து இறந்தார். அவர் கடைசியாகப் பார்த்த புதிய பறவை செந்தோள் வாங்கா. அது இனம் என்று அறிவியலில் விவரிக்கப்பட்டதே 1997-ல்தான். அவர் ஓடத் தொடங்கிய நாளில் அந்தப் பறவை பட்டியலிலேயே கிடையாது. ஸ்னெட்சிங்கரிடம் எனக்குப் பிடித்தது எண்ணிக்கை இல்லை; அவர் எடுத்த குறிப்புகள். எந்த இடத்தில், எந்தக் கிளை இனம், என்ன அடையாளம் என்று எழுதி வைப்பார். பின்னாளில் இனங்கள் பிரிக்கப்பட்டபோது அவருடைய எண் தானாக ஏறியதற்கு அந்த உழைப்புத்தான் காரணம். அவருடையதும் நாற்காலிக் கணக்குதான், ஆனால் காட்டில் சம்பாதித்தது. ஊத்தில் புருவம் பார்க்காத நான் அதில் சேர்த்தியில்லை.

இன்னொருவர் பீட்டர் கேஸ்ட்னர். அமெரிக்க வெளியுறவுத் துறையில் வேலை பார்த்தவர். 1986-லேயே உலகின் ஒவ்வொரு பறவைக் குடும்பத்திலும் ஒன்றையாவது பார்த்து முடித்த முதல் ஆள் ஆனார். 2024 பிப்ரவரி 9-ஆம் தேதி பிலிப்பைன்ஸின் மின்டனாவ் தீவில் ஒரு சிலந்திபிடிப்பானைப் பார்த்தபோது அவருடைய எண் 10,000. (அதன் ஒன்றுவிட்ட சகோதரன் ஒன்று நம் மலையிலும் உண்டு, காட்டு வாழைப்பூவில் நீண்ட அலகை நுழைத்துக்கொண்டு தொங்கும்.) பத்தாயிரம் எந்தப் பட்டியல்படி என்று கேட்டால் அந்தத் தேதி முன்னே பின்னே நகரும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடி, கோட்டைத் தொட்ட பிறகும், கோடு எங்கே போட்டிருக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டில் சசாங்க் தால்வி 2015-ல் ஒரே ஆண்டில் இந்தியாவில் 1,128 இனங்களைப் பார்த்தார். அவர் வெறும் எண்ணுகிறவர் இல்லை. 2009-ல் பறவையியலாளர் பேர் ஆல்ஸ்ட்ரோமும் அவரும் அருணாசலப் பிரதேசத்தில் ஒரு பூங்குருவி மலையின் கீழ்ப்பகுதிக் காட்டில் இனிமையாகவும், மேலே பாறைப் பகுதியில் கரகரப்பாகவும் பாடுவதைக் கவனித்தார்கள். ஒரே இனம் இரண்டு விதமாகவா பாடும் என்ற சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு போனதில், 2016-ல் இமயமலைக் காட்டுப் பூங்குருவி என்ற புதிய இனம் வந்தது. சாலிம் அலியின் பெயர் அதற்கு. எல்லாவற்றையும் பார்க்கப் போனவர் பட்டியலை இன்னும் நீளமாக்கிவிட்டுத் திரும்பினார்.

பறவைக்கே இந்த நிலை என்றால் தவளைக்காரர்கள் பாடு பெரும்பாடு. பறவைகளில் எங்கோ ஒன்று புதிதாக வரும். தவளைகள் கொத்துக் கொத்தாக வரும். எஸ். டி. பிஜுவின் குழு 2014-ல் ஒரே கட்டுரையில் 14 புதிய நடனத் தவளைகளை விவரித்தது. எங்கள் ஜீப்புகள் தினமும் போய்வரும் இடுக்கி ஏலமலையில் கட்டப்பனையிலிருந்துதான் 2003-ல் பன்றிமூக்குத் தவளை அறிவியலுக்குப் போய்ச் சேர்ந்தது. வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் இருந்துவிட்டு மழைக்குச் சில நாள் மட்டும் வெளியே வரும் ஜீவன். கிணறு வெட்டுபவர்களும் மண் கொத்துபவர்களும் அதற்கு முன்பே பார்த்திருந்தார்கள். மலைக்கு இந்தப் பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் சரிவிலிருந்து 2017-ல் அதன் சகோதர இனம் வந்தது. அந்தப் பக்கத்தது தென்மேற்குப் பருவமழைக்கு முட்டையிடும். இந்தப் பக்கத்தது வடகிழக்குப் பருவமழைக்கு. மேகமலைச் சரிவில் 2023-ல் வெள்ளிக்கோடு போட்ட ஒரு பட்டாம்பூச்சியைப் புதிய இனமாக விவரித்தவர்கள் தேனியைச் சேர்ந்த ‘வனம்’ அமைப்பின் ஆட்கள். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் மலைதான். பட்டாம்பூச்சிகளை முழுசாகப் பார்க்கலாம் என்று முதலில் நினைத்த நான், சிரிப்பானோடு நின்றதற்கு நல்லவேளை என்று சொல்லிக்கொண்டேன்.

பாக்கி இரண்டில் நீலகிரிச் சோலைக்கிளிக்காக மறுபடி ஊட்டி போனேன். இரண்டு நாள் மாலை ஓடைப்பாலத்தில் உட்கார்ந்து குளிரில் நடுங்கியதுதான் மிச்சம். மூன்றாம் நாள், இனி எதுவும் தெரியாது என்று பையைக் கட்டிய நேரம், மூன்றடி தூரத்தில் ஈர இலைகளுக்கு மேல் வந்து நின்றது. நீல மேனி, விலாவில் துருநிறம். எங்கள் மலைப் பறவைக்கு அந்தத் துருநிறம் கிடையாது. இந்த முறை விலாவைப் பார்த்தேன், எழுதினேன். ஆறு.

ஏழாவது வயநாட்டில். பாணாசுரச் சிரிப்பான் என்று இப்போது பெயர். பாணாசுரன் மலையிலும் செம்ப்ரா உச்சியிலும் பிரம்மகிரிப் பக்கத்திலும் உள்ள சில சோலைத்துண்டுகள்தாம் அதற்கு உலகம். தனி இனம் என்று தீர்ப்பு ஆனதும்தான் அது எவ்வளவு குறைந்த இடத்தில் இருக்கிறது என்பது கணக்குக்கு வந்தது; இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் வரிசையில் இருக்கிறது. பரவலாக உள்ள ஓர் இனத்தின் மூலையில் ஒதுங்கிக் கிடந்தவரை யாரும் அதைத் தேடவில்லை. இனப் பிரிப்பு வெறும் எண் விளையாட்டு என்று சலித்துக்கொள்பவர்களிடம் நான் இந்தப் பறவையைத்தான் காட்டுவது வழக்கம். காட்டுவது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன், நான் பார்த்ததில்லை. போன அன்று மழை. மலையை மேகம் மூடிவிட்டது. மேலே, வெள்ளைப் புகைக்குள்ளிருந்து சிரிப்பு மட்டும் கேட்டது. அமெரிக்கப் பறவை பார்ப்போர் சங்கத்தின் விதிப்படி காதால் கேட்டு இனம் கண்டாலும் கணக்கில் சேர்க்கலாம். ஏழு என்று எழுதப் பேனாவை எடுத்தேன். பெண் பார்க்கப் போய்க் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டுவிட்டுச் சம்மதம் சொன்னவன் கதையாகிவிடும் என்று மூடி வைத்துவிட்டேன்.

போன மாசியில் மறுபடி போடிமெட்டு போனேன். இனி அங்கே எனக்குப் பார்க்க வேண்டியது எதுவும் பாக்கியில்லை. ஜீப்பில் அதே அம்மா, கொஞ்சம் வயது ஏறியிருந்தார்.

“இன்னுமா அதத் தேடுற? அன்னைக்கே பாத்துட்டேன்ன.”

“பாத்தேங்க அம்மா. சரியாப் பாக்கல.”

அவர் பக்கத்தில் இருந்தவரை இடித்துக்கொண்டு சிரித்தார். பதினாறாவது வளைவில் இறங்கிக்கொண்டேன். ஜீப் சத்தம் ஓய்ந்து, எஞ்சின் புகை கலைந்து, கொஞ்ச நேரம் கழித்து மேலே புதருக்குள் ஒன்று ஆரம்பித்தது; மற்றவை சேர்ந்துகொண்டன. முள்பழக் கொடியின் மேல் ஒன்று ஏறி வந்து பக்கவாட்டில் திரும்பி நின்றது. இவற்றையும் நாளை யாராவது இரண்டாகப் பிரிக்கலாம், பிரிக்காமலும் போகலாம். நோட்டை எடுத்து எழுதினேன்: போடிமெட்டுச் சாலை, 16-ஆவது வளைவு, காலை 7.10. ஆறு பறவைகள். மோவாயில் கறுப்பு இல்லை. மார்பு சாம்பல். புருவம் கண்ணைத் தாண்டிப் போகிறது.